மார்த்தாள் என்கிற இசக்கி

தாராவியில் தோல் ஷாப்புகளுக்குப் பின்னால், மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சந்துகளில், இசக்கியம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியும் என்று வெளியே சொல்லிக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு.

பம்பாயில் அப்போது மதுவிலக்கு. சிவனாண்டி என்பவர் சதுப்புக்குள் பட்டி வைத்திருந்தார். பட்டி என்றால் சாராயம் காய்ச்சுகிற அடுப்பு. காய்ச்சிய சரக்கை மாதுங்காவுக்கும் வடாலாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெண்களின் வேலை. சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி, வயிற்றைச் சுற்றி வளைத்து, மேலே சேலையைக் கட்டிக்கொண்டால் பார்க்கிறவர்களுக்கு நிறைமாதக்காரி. இசக்கி நல்ல உயரம். அவளுக்கு அந்த வயிறு பிறரைவிட நன்றாகப் பொருந்தியது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவளைக் கூட்டிவந்த புருஷன், பூனாவில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனவன், திரும்பவே இல்லை. கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, செல்லக்கனி. அப்போதுதான் சிவனாண்டி ஆள் அனுப்பினார். அவள் யோசிக்கக்கூட இல்லை. பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள். இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டது.

அறுபத்தொன்றாம் வருஷம் ஒரு நண்பகல். மாதுங்கா பஸ்ஸில் அவளுக்கு இடம்விட எழுந்தவரின் குடைக்கம்பி டியூபில் குத்திவிட்டது. கால் வழியாக ஈரம் இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று பஸ்ஸே பரபரத்தது. கண்டக்டர் மணியடித்து வண்டியை நிறுத்தினார். இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி இறக்கி, பூக்கடை நிழலில் படுக்கவைத்தார்கள். அவர்களில் வயதான மராட்டிக்காரம்மா ஒருத்தி அவள் தலையைத் தன் மடியில் வைத்து நெற்றியை வருடிக் கொடுத்தாள். ‘பயப்படாதே மகளே’ என்று அவள் மராட்டியில் சொன்னது இசக்கிக்குப் புரிந்தது. பிறகு வாடை எழுந்தது. அந்தக் கை நெற்றியிலிருந்து மெதுவாக விலகியது. போலீஸ் வந்தது, கூட்டம் சிரித்தது, யாரோ காறித் துப்பினார்கள். அதெல்லாம் அவளுக்குப் பிற்காலத்தில் மறந்தே போனது. அந்தக் கை விலகியது மட்டும் மறக்கவில்லை.

ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். ஜெயிலில் மாவரைக்கிற இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சுலோச்சனா, ஒரு மில் தொழிலாளியின் மனைவி. கெட்ட சாராயம் குடித்து அவள் புருஷனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. குழந்தைகளுக்குச் சோறு போடத் திருடி மாட்டிக்கொண்டாள். தன் கதையைச் சொல்லிவிட்டு, நீ எதற்காக வந்தாய் என்று இசக்கியைக் கேட்டாள். இசக்கி குனிந்து தானியத்தை அள்ளித் திரிகையில் போட்டாள். அந்தச் சரக்கு தன் இடுப்பில் போனதா, வேறொருத்தி இடுப்பில் போனதா என்று யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை.

வெளியே வந்தவள் முதலில் மகளைத் தேடினாள். சிவனாண்டி ஆட்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. தகரக் கூரை போட்ட தமிழ்க் கோயிலில் சபையை நடத்திவந்த உபதேசியார் பிச்சையாவும் அவர் மனைவி ரூபாவதியும்தான் பிள்ளையைக் கூட்டிப்போய் வைத்திருந்தார்கள். அவர்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். இசக்கி ஒருநாள்கூட அவர்களோடு பேசியதில்லை.

நல்ல ஏச்சு கிடைக்கும் என்று தயாராகத்தான் போனாள். மறுநாள் கோயிலில் அசனம். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. ரூபாவதி வெங்காயச் சாக்குக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், அரிவாள்மணையை அவள் பக்கம் தள்ளினாள்.

“வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஒருத்தியா நறுக்கி மாளல. செல்லக்கனி பள்ளிக்கூடம் விட்டு இப்ப வந்துருவா. அதுவரைக்கும் இதக் கொஞ்சம் பாரு.”

இசக்கி உட்கார்ந்து நறுக்கினாள். வெங்காயத்தைச் சாக்காக வைத்து அழுது தீர்த்தாள். ரூபாவதி சாக்கிலிருந்து இன்னும் நாலு வெங்காயத்தை அவள் பக்கம் உருட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலின் கடைசிப் பாயில் போய் உட்காரத் தொடங்கினாள். சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். அதை அவள் எதிர்பார்த்ததுதான். ஒருநாள் உபதேசியார், கிணற்றடிக்குத் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார். ஊரார் முகம் பார்க்கக் கூசி, வெயிலில் வந்தவள் அவள். அவளைப் பற்றி எல்லாம் தெரிந்த இயேசு முதலில் அவளிடம் கேட்டது குடிக்கக் கொஞ்சம் தண்ணீர். இசக்கி அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள். தன்னிடம் கேட்டு வாங்கவும் ஒருவருக்கு ஏதாவது இருக்கிறதா என்ற யோசனை அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

தோல் காயப்போடுகிற வேலைக்குப் போனாள். சிவனாண்டி இரண்டு முறை ஆள் அனுப்பினார். போகவில்லை.

அறுபத்துநாலில் ஆடி மழை பிடித்துக்கொண்டது. ரயில் நின்றுவிட்டது. எதிர்வீட்டு சைனபுக்கு மத்தியானம் வலி எடுத்தது, தலைப்பிரசவம். அவள் புருஷன் நஜிமுதீன் குர்லாவுக்கு வேலையாகப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். சந்தில் முழங்கால் தண்ணீர். மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கைவிரித்துவிட்டாள். எல்லாரும் கூடி நின்றார்கள். வண்டி வைத்திருந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். அந்தப் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இசக்கி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள்.

சிவனாண்டி கட்டிலில் சம்மணமிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். டீயை முடித்துவிட்டுத்தான் பேசினார். வண்டி தருகிறேன், அதற்குப் பதில் வடாலாவுக்கு ஒரே ஒரு நடை போய்வந்துவிடு என்றார்.

“அது இனி ஆவாது அண்ணாச்சி. வண்டிய மட்டும் குடுங்க.”

“ஏன், ஒங்க இயேசு சாமிகிட்ட வண்டி இல்லையாக்கும்?”

“இருக்கே. ஒங்க வீட்டு வாசல்ல நிக்குன்னு அவருதான் சொல்லி அனுப்புனாரு.”

அவர் சாவியை டிரைவர் ஹமீதிடம் எறிந்தார். சிரிப்பு வந்ததை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஹமீது பிற்பாடு சொன்னான்.

அது சரக்கு ஏற்றுகிற பழைய டாக்ஸி. சயான் போகும் வழியில் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. ரோட்டில் போனவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பின் சீட்டில் சைனப் இசக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டாள். இசக்கி இயேசுவைக் கூப்பிட்டாள். ஹமீது திரும்பிப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தெரிந்த துவாவையெல்லாம் ஓதினான். ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது கால் முதலில் வெளிவந்துவிட்டது. டாக்டரம்மா ஓடிவந்து வண்டியிலேயே பிள்ளையை எடுத்தாள். ஆண் குழந்தை. முதலில் அழாமல் கிடந்து, பிறகு ஒருவழியாக அழுதது.

நர்ஸ் மூக்கைச் சுளித்தாள். யார் குடித்திருப்பது என்று இந்தியில் அதட்டினாள். குடித்தது வண்டி மட்டும்தான், நாங்கள் யாரும் தொடவில்லை என்றாள் இசக்கி. அவ்வளவு பதற்றத்திலும் டாக்டரம்மா சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ரூபாவதியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அக்கா, பஸ்ஸுல எத்தன பேரு எனக்கு எந்திரிச்சு எடம் விட்டாவ. அம்புட்டும் பொய் வயித்துக்கு. நெசமா வயித்துப்பிள்ளக்காரியா இருந்தவளும் நின்னுருப்பா. நான் அதத் திருப்பிக் குடுக்கணும்.”

ரூபாவதி அவளை அணைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஞானஸ்நானம். குருவானவரான ஐயர், மகதலேனா என்ற பெயரைச் சொன்னார். அது பாவியாயிருந்து திருந்தியவள் பெயர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட இசக்கி, அப்படி வைத்தால் எல்லாருக்கும் பழசு ஞாபகம் வருமே ஐயரே என்றாள். இயேசு வந்திருந்தபோது அடுப்படியில் நின்றவள் பெயர் என்ன என்று கேட்டாள். மார்த்தாள் என்றார்கள். அதுவே போதும் என்றுவிட்டாள். ஆனால் சந்தில் யாரும் அவளை மார்த்தாள் என்று கூப்பிடவில்லை. கோயிலில் மட்டும், அதுவும் அவள் திரும்பிப் பார்க்க இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

பிறகு யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் இசக்கி என்றாகிவிட்டது. ஊரிலிருந்து வந்த பெண்களுக்கு இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. போலீஸ்காரனையும் நர்ஸையும் கண்டால் நடுங்குவார்கள். இவளுக்கு ஜெயிலில் பேசிப் பழகிய மராட்டி இருந்தது, பயம் என்பது இல்லவே இல்லை. உறவு என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்கும்போது ஒருநாள் அத்தை என்பாள், ஒருநாள் மாமியார் என்பாள். ஆயாக்களுக்கு உண்மை தெரிந்தும் ஒன்றும் சொல்வதில்லை. செல்லக்கனி வளர்ந்து அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது, அம்மாவின் பெயரைச் சொன்னதும் வார்டில் நாற்காலி போட்டார்களாம்.

மதுவிலக்குச் சட்டம் தளர்ந்த பிறகு சிவனாண்டிக்குத் தொழில் படுத்துவிட்டது. அறுபத்தேழில் ஈரலும் கெட்டது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். இசக்கிதான் கஞ்சி கொண்டுபோனாள். ஒரு சாயங்காலம், எனக்கும் உன் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவை என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது. அவர் பெயரைச் சொல்லி, இவர் ஒருநாள் வண்டி கொடுத்தார் ஆண்டவரே என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கடைசிவரை கோயில் பக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரயிலில் ஒரு சாக்குக் கருப்பட்டி வந்து இறங்கியது. சாராயக்காரர் அனுப்பியதைக் கோயிலில் சேர்ப்பதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சரி என்றார்கள் சிலர். கூடாது என்றார்கள் சிலர். உபதேசியார் மோவாயைத் தடவினார். அவர்கள் பேசி முடிப்பதற்குள் இசக்கி கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் காப்பியை இறக்கிவிட்டாள். குளிருக்கு அது நன்றாக இருந்தது. எல்லாரும் குடித்தார்கள்.