குளிர் அறைக்கு ஒரு போன்

கிடங்கில் எல்லோரும் அவளைப் பென்சில் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. உறைந்த பட்டாணி, மீன் துண்டு, உருளைக்கிழங்குக் குச்சி என்று பெட்டி பெட்டியாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் அந்தக் குளிர் அறைக்குள் பேனா எழுதாது. மை உள்ளேயே கட்டியாகிவிடும். பென்சில் ஒன்றுதான் எழுதும். எந்த அடுக்கில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி இருக்கிறது என்று பார்த்து அட்டையில் எழுதுவது அவள் வேலை. பதினான்கு வருடங்களாக அதே வேலை. மேல்சட்டைப் பையில் இரண்டு பென்சில், குல்லாவுக்குள் காதோரம் ஒரு பென்சில். பெட்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்திருந்தாலும் முன்வரிசையைப் பார்த்தே பின்வரிசையைச் சொல்லிவிடுவாள். அவள் எழுதியதை யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரம் உள்ளே, கால் மணி நேரம் வெளியே. வெளியே என்றால் ஹீட்டர் வைத்த சின்ன அறை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து இமையில் படிந்த பனி உருகிக் கன்னத்தில் வழியும்வரை யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பேசினாலும் வாய் கோணும்.

அந்த அறையில் வைத்துத்தான் மேற்பார்வைக்காரர் செய்தியைச் சொன்னார். அவருக்கு வைத்த பெயர் கதவு. யாராவது கதவைத் திறந்து ஒரு மூச்சு விடுவதற்குள் "கதவு, கதவு" என்று கத்துவதால் வந்த பெயர். ஒன்றாம் தேதியிலிருந்து அட்டை கிடையாதாம். அவரவர் போனில் ஒரு செயலி ஏற்றிக்கொள்ள வேண்டும். அடுக்கின் முன்னால் நின்று, அதில் ஒட்டியிருக்கும் கறுப்புவெள்ளைக் கட்டத்துக்குக் கேமராவைக் காட்டி, எண்ணைத் தட்டி, சரி என்று அழுத்த வேண்டும். அந்தச் செயலி ஓடாத போன் வைத்திருப்பவர்கள் உள்ளே வர வேண்டியதில்லை.

இரண்டு உறை போட்ட கையால் எப்படி அழுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே எப்போதோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள். குளிர் அறைக்காரர்கள் போனை மூக்கால் தொடுவார்கள். உறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும். மூக்கு எப்படியும் வெளியேதான் இருக்கிறது. இதில் சில விபத்துகளும் உண்டு. சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுபவர் போன வருடம் மேனேஜருக்கு லீவு கேட்டுச் செய்தி அனுப்பப் போய், மூக்கு சறுக்கி, கூடவே ஒரு சிவப்பு இதயத்தையும் அனுப்பிவிட்டார். மேனேஜர் லீவு கொடுத்தார். ஆனால் அதற்கப்புறம் அவரோடு தனியாக நின்று பேசுவதில்லை.

அவளுடைய பழைய போன் மகள் வைத்திருந்து கொடுத்தது. வெளியே நாற்பது சதவீதம் காட்டும். குளிர் அறைக்குள் எடுத்த மறுநிமிடம் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணாடி கீழ்மூலையில் சிலந்திவலைபோல் விரிந்திருந்தது. எங்கேயோ போட்டுவிட்டாள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் போடவில்லை. அது அவள் கட்டைவிரல் அழுத்துகிற இடம்.

வலது கையில் மூன்று விரல்களில் அவளுக்கு உணர்ச்சி இல்லை. முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிறகு அந்த எறும்பும் போய்விட்டது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாததால் எதையும் தேவைக்கு மேல் அழுத்தினாள். பென்சில் முனை அடிக்கடி ஒடிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. பென்சில் முனை என்றால் ஒடியத்தான் செய்யும்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் வருவார். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல் விரலாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்பார். சொல்லத் தெரியாதவர்களை அதற்குமேல் குளிருக்குள் விடமாட்டார்கள். வெளியே மாற்றுகிறோம் என்பார்கள். வெளியே ஏது வேலை? அவள் அறிய இரண்டு பேர் அப்படி மாறினார்கள். பிறகு அவர்களைக் கிடங்குப் பக்கமே காணோம். போன தடவை அவள் இமைக்கு நடுவில் ஒரு கீற்று விட்டுப் பார்த்து மூன்றையும் சரியாகச் சொன்னாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

இதை நினைத்துப் பயப்பட வேண்டும், வருத்தப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் வரவில்லை. மகள் கல்யாணமாகித் தூரதேசத்துக்கு ரயிலேறிய அன்றும் வீடே அழுதது. இவள் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ரயில் போன பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் காதில் விழும்படியாகவே சொன்னாள். இருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை நேரம் கிடக்கும். புதுப் போன் வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதும் மனிதருக்குப் பிழைப்பே கிடைத்ததுபோல் ஆகிவிட்டது. மூன்று வாரம் வேனில் சாய்ந்தபடி போன்களைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கேமராவுக்கு எத்தனை கண், பேட்டரி எத்தனை நாள் நிற்கும், எந்தப் போன் சூடாகும் என்று பாடம் நடத்தினார். சூடாகிறதையே வாங்கிவிடலாம் என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனார்கள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்த ஒரு விற்பனையாளர் மூன்று போன்களை வரிசையாக வைத்தார். வீட்டுக்காரர் தான் படித்ததையெல்லாம் அவரிடம் ஒப்பித்தார். அவரும் பொறுமையாகத் தலையாட்டினார். குளிர் தாங்குமா என்று கேட்டதற்கு மட்டும் கைவிரித்தார். வீட்டுக்காரர் கடை மூலையில் இருந்த குளிர்பெட்டியைக் காட்டி, கால் மணி நேரம் மூன்றையும் அதற்குள் வைத்துப் பார்த்துவிடலாமே என்றார்.

"அது ஜூஸ் வைக்கிற பெட்டி சார். அதுல போனை வச்சா நாளைக்கு நான் வேற வேலை தேடணும்" என்றார் விற்பனையாளர்.

உறை போட்ட கையால் அழுத்தினால் கேட்குமா என்று அவள் கேட்டாள். ஒரு உறை என்றால் ஏதோ கேட்கும், இரண்டு என்றால் கேட்காது என்றார். அவள் குனிந்து முதல் போனை மூக்கு நுனியால் தொட்டாள். அது அசையவில்லை. இரண்டாவதைத் தொட்டாள், திரை திறந்துகொண்டது. மூன்றாவதில் டார்ச் எரிந்து, பக்கத்தில் நின்றவர் முகத்தில் அடித்தது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரருக்கு அதிலெல்லாம் வெட்கம் கிடையாது. "பொண்ணு மூக்கும் முழியுமா இருக்கும்னு சொல்லித்தான் எனக்குக் கட்டிவச்சாங்க. மூக்கு எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் பொதுவாக எல்லோருக்கும். இரண்டு பேர் சிரித்தார்கள்.

விற்பனையாளர் நடுவில் இருந்த போனை அவள் பக்கம் நகர்த்தி, கையாலும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள். திரையில் இருந்த படங்களெல்லாம் நடுங்கின. அழிக்கவா என்று கேட்டது.

"லேசாத் தொடுங்கம்மா."

"லேசாத்தான் தொடுறேன்."

மறுபடியும் வைத்தாள். மறுபடியும் நடுங்கின. பழைய போனை அழுத்தி அழுத்திப் பழகிவிட்டது, நாலு நாளில் சரியாகிவிடும் என்று விற்பனையாளரே சமாதானமும் சொல்லிவிட்டார். அவள் ஆமாம் என்றாள். வீட்டுக்காரர் விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றப் பூட்டைத் திறக்க வேண்டும் என்றார் விற்பனையாளர். அவள் உடைந்த கண்ணாடிமேல் கட்டைவிரலை இழுத்துப் பூட்டுக்கான கோட்டை வரைந்தாள். ஒரு தடவை எடுக்கவில்லை; இரண்டாம் தடவை அழுத்தி வரைந்தாள், திறந்தது. பிறகு புதுப் போனில் கைரேகை பதியக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். வைத்தாள். பதியவில்லை. ஈரமாக இருக்கிறது, துடைத்துவிட்டு வையுங்கள் என்று அது சொன்னது.

விற்பனையாளர் காகிதம் எடுத்துக் கொடுத்தார். காகிதம் சிவந்தது. புதுக் கண்ணாடியிலும் ஒரு சிவப்புத் தீற்று. அவள் அதைத் துடைத்துவிட்டு அதே விரலை மறுபடி வைக்கப் போனாள்.

வீட்டுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

கட்டைவிரல் சதைக்குள் அரிசி நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு நின்றது. பாதிக்குமேல் உள்ளே. அவர் நகத்தால் பிடித்து இழுத்தார். வலிக்கிறதா என்பதை அவள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் நன்றாகவே வலிக்க வேண்டும்.

அவர் கையை விடவில்லை. மேசைக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல், அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் தன் நகத்தை வைத்து அழுத்தினார்.

"இது?"

"எது?" என்றாள்.

நடுவிரலுக்கு மாறினார். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் "இது?" என்று கேட்கவில்லை.

விற்பனையாளர் பின்னால் திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த பெட்டிகளை நேராக அடுக்கத் தொடங்கினார்.

எத்தனை நாளாக என்று வீட்டுக்காரர் கேட்டார். போன வருடத்திலிருந்து என்றாள். டாக்டர் பார்த்தாரே என்றார்.

"நான் கண்ணை மூடல."

அவர் இன்னொரு காகிதத்தை எடுத்து அவள் கட்டைவிரலில் சுற்றினார். நாளையிலிருந்து போக வேண்டாம் என்றார். வேறென்ன வேலை எனக்குத் தெரியும் என்றாள். வேன் வருமானம் பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களுக்குத்தான் என்பதை இருவருமே சொல்லவில்லை.

"உனக்கு இருக்கிற வேலையே விரலை வச்சுத்தான். விரல் போயிருச்சுன்னா அப்புறம் எங்க போவ?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பாள். அவர் வழி கேட்பதுபோல் கேட்டார்.  தன்னிடம் அதற்குப் பதில் இல்லை என்பதை அவள் இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒரு வருடமாக டாக்டருக்கும் கதவுக்கும் இவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே யோசித்திருந்தாள். தெரியாமலே இருந்துவிட்டால் மற்ற விரல்கள் என்ன ஆகும் என்று யோசித்ததில்லை.

இடது கை மோதிரவிரலை வைத்தாள். கைரேகை பதிந்தது. இதையே கொடுங்கள் என்றாள் விற்பனையாளரிடம்.

"இனிமே எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

"பழசு உடைஞ்சுபோச்சே" என்றாள்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் அவளே மேற்பார்வைக்காரர் கதவைப் போனில் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவர் வேலையில்தான் இருப்பார். புதுப் போன் எல்லோருக்கும் கேட்கும்படிச் சத்தமாகப் பேசியது. அதை எப்படிக் குறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, வீட்டுக்காரரும் குறைக்கவில்லை.

"சொல்லும்மா. போன் வாங்கியாச்சா?"

"ஆச்சுண்ணே. என் பேரை உள்ள போற லிஸ்ட்லருந்து எடுத்துருங்க. வலது கையில மூணு விரல் செத்துப்போச்சு."

பின்னால் சரக்கு வண்டி பின்வாங்கும் பீப் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"எனக்கு ஆறு" என்றார் கதவு.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கையிலயும் சேத்து ஆறு. டாக்டர்கிட்ட நானும் உன்னை மாதிரிதான் பாத்துக்கிட்டே சொன்னேன். நீ பாத்ததை நான் அன்னைக்கே பாத்தேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "லாரி ஏத்துற இடத்துல பில் சரிபாக்குற மேசை ஒண்ணு காலியாகுது. வெயில் படற இடம். நான் எனக்குன்னு மேனேஜர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

நீங்களே போங்கள் என்ற வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. பதினான்கு வருடம் அவர் கீழே வேலை பார்த்தவள், அதுதான் மரியாதை. அவள் அதைச் சொல்லவில்லை.

"அங்க பில் எழுதணுமேண்ணே. ஆறு விரல் இல்லாம எப்படி எழுதுவீங்க?"

"அதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் இடது கையில எழுதிப் பழகிக்கிறேன். நீங்க சரக்கைப் பாத்துச் சொல்லுங்க. ஒரு மேசைக்கு ரெண்டு பேர்னு கேப்போம். காலையில மேனேஜர்கிட்ட ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

"சேந்து போய், சேந்தே வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டாருன்னா?"

"சொன்னா வந்துர வேண்டியதுதாண்ணே."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "எட்டு மணிக்கு வந்துரு" என்றார். பிறகு எதிர்முனையில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அழைப்பு முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அதை நிறுத்த விரல் அகப்படவில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தார்.

அவர் வண்டியை எடுக்கவில்லை. அவளுடைய வலது கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்து, காயத்தின்மேல் சுற்றியிருந்த காகிதம் நகராமல், ஒவ்வொரு விரலாக நுனியிலிருந்து கீழ்வரைக்கும் தேய்த்துவிட்டார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நுனியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் கணுவிலும் ஒன்றும் இல்லை. உள்ளங்கைக்கு வந்தபோது அவர் கை சொரசொரப்பாக இருந்தது.

"இங்க தெரியுதா?"

"அங்க தெரியுது" என்றாள்.