நான் மலடு என்று எழுதிய பசு

அறுபதுகளின் தொடக்கம், நல்ல கோடை. சிவகாசிப் பக்கம் ஒரு சின்னக் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தேன். மருந்து கலக்குவது, பொலிகாளையைப் பார்த்துக்கொள்வது, பதிவேடு எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் மாடு பிடித்து வருகிறவர்கள் என்னையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாளும் நான் அதைத் திருத்தியதில்லை.

அன்று டாக்டர் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார். ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையில் குச்சி அடுக்குகிறவள். என் வயதுதான் இருக்கும். பசு அவளுக்கு அம்மா வீட்டில் கன்றாகக் கொடுத்த சீர். காளைக்குச் சேர்க்க அவள் அதைக் கொண்டுவருவது அது மூன்றாவது தடவை. இந்தத் தடவையும் சேரவில்லை என்றால் அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவதாக அவள் வீட்டுக்காரர் தரகரிடம் பேசி முடித்துவிட்டாராம்.

எங்களிடம் மரக்கட்டை அடித்த கூண்டு ஒன்று உண்டு. பசுவை அதற்குள் விட்டு, கழுத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் காளையைக் கொண்டுவருவோம். அன்றும் அப்படியே செய்தேன். காளை நெருங்கியதும் பசு உதைத்தது, உடம்பை முறுக்கியது, கடைசியில் அப்படியே படுத்துவிட்டது. முதல் இரண்டு தடவையும் இதே கதைதான். எனக்கோ பசி. இதற்கு ஆசையே கிடையாது, மலட்டு மாடு என்று சொல்லிவிட்டு, பதிவேட்டிலும் எழுதிவிட்டேன்.

அவள் நகரவில்லை. "வீட்டுல ராவும் பகலும் காளை தேடிக் கத்துது சார். காலையில வேலியைப் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. இங்கன கட்டுனாத்தான் இப்படிப் படுத்துக்கிடுது. ஒரே ஒரு தடவை அவுத்து விட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அதெல்லாம் வழக்கமில்லை என்றேன்.

"ஆபீசுல கணக்கப்பிள்ளை முதுகுக்குப் பின்னால வந்து நின்னா எனக்கும்தான் விரலு ஓட மாட்டேங்குது. அதுக்காக எனக்கு வேலை தெரியாதுன்னு எழுதிருவீகளா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரக்கப்பட்டு நான் அவிழ்க்கவில்லை. இவளை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் பின்பக்கம் மதில் சூழ்ந்த திடலில் இரண்டையும் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பசு முதலில் வேப்பமரத்தடிக்கு ஓடியது. பிறகு தானாகவே காளையிடம் வந்து முகர்ந்து பார்த்தது. காளை நெருங்கியதும் விலகிப் போனது. மறுபடி வந்தது. இப்படி நாலைந்து தடவை நடந்தது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பசியே மறந்துபோனது. கடைசியில் அதுவே காளையின் முன்னால் வந்து, காலை ஊன்றி, அசையாமல் நின்றது. கயிறு இல்லை, கூண்டு இல்லை.

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மாதம் கழித்துப் பசுவோடு வந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்துச் சினை என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டியவர், "மலடுன்னு யாருய்யா எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பசுவின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சொல்லை அடிப்பதற்காகப் பதிவேட்டைக் கையில் வாங்கினேன். முந்தைய பக்கங்களிலும் அதே சொல், என் கையெழுத்தில், அங்கங்கே இருந்தது. அந்த மாடுகள் எல்லாம் அதே கூண்டில் கட்டிப் பார்த்தவை. ஒன்றைக்கூட நான் அவிழ்த்துவிட்டுப் பார்த்ததில்லை. அவை எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கட்டுரை படித்தேன். மூளையில் டோபமைன் என்று ஒன்று இருக்கிறதாம். பெண் விலங்குக்குத் துணையை நாடிப் போகும் நாட்டம் எழுவதில் அதற்கும் பங்கு உண்டாம். நெருங்குவதும் விலகுவதும் தன் விருப்பப்படி அமைந்தால்தான் அந்த நாட்டம் சரியாக வேலை செய்யுமாம். அன்றைக்கு இந்தப் பெயரெல்லாம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் கயிறுதான் குற்றவாளி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த உயிரையும் கட்டிப்போட்டுவிட்டு, அதற்கு ஆசையில்லை என்று சொல்ல இன்றுவரை எனக்கு நாக்கு எழவில்லை.