கோமதி அக்கா சுமந்து வந்த தண்ணீர்

கோமதி அக்கா தவறிவிட்டார் என்று நம் ஆய்வகத்திலிருந்து செல்வி போனில் சொன்னபோது, நான் புளியங்குடியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். "நேத்து கூட சாம்பிள் என்னாச்சுன்னு ஆஸ்பத்திரியில இருந்து கேட்டாவ சார்" என்று அழுதாள். டீயை அப்படியே வைத்துவிட்டுத் தென்காசிக்கு பஸ் ஏறினேன். நம் கம்பெனியில் அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாலியஸ்டர் துணிக்கான திரவச் சாயத்தை விற்பவன் நான். அதைச் சோதித்து அனுப்புபவர் அவர். அந்தச் சாயம் தண்ணீரில் கரையாது, நுண்ணிய பொடியாக மிதக்கும். பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு பாலிமர் சேர்க்கிறோம். எதை, எவ்வளவு சேர்ப்பது என்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "ஒட்டிட்டுன்னா துணியில புள்ளி விழும் தம்பி. பொறவு நீங்க எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அது போவாது" என்பார்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் அப்படித்தான் புள்ளி விழுந்தது. நம் சோதனையில் எல்லாம் சரியாக இருந்ததால், அங்கே சாயம் கலக்கும் முருகேசன் ஒழுங்காகக் கலக்கவில்லை என்று நான் கடிதம் எழுதிவிட்டேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடிதத்தைப் படித்த அக்கா, "நீங்க போய்ப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அவர் போனார். வேலையில்லாமல் இருந்த முருகேசனை வீட்டில் தேடிப் போய்ப் பார்த்தார். பட்டறையின் போர்வெல் தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார். அப்போது குற்றால சீசன். பஸ் முழுக்கக் குளிக்க வரும் கூட்டம். கண்டக்டர் சிரித்திருக்கிறார்.

"ஊரே தண்ணிக்குக் குத்தாலம் வருது. நீங்க என்னம்மா வெளியூர்த் தண்ணிய இங்கன சுமந்துட்டு வாறிய?"

"இதுல ஒரு மனுசனோட சோறு இருக்கு அண்ணாச்சி. பாத்து வைங்க."

அந்த உப்புத் தண்ணீரில் நம் சாயத்தை ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அது திரிதிரியாகத் திரண்டது. மலையிலிருந்து வரும் நம் ஊர் நல்ல தண்ணீரிலேயே சோதித்துப் பார்த்து, இத்தனை நாளும் நம்மை நாமே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறோம். "நான்லா இதை யோசிச்சிருக்கணும்" என்று அக்கா தன்னைத்தான் திட்டிக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பாலிமரை நான் மாத்துதேன். நீங்க முருகேசன்ட்ட பேசுங்க. முதலாளிட்ட பொறவு பேசிக்கிடலாம்."

பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். தவறு எங்களுடையது என்று எழுதியும் கொடுத்தோம். முருகேசன் வேலைக்குத் திரும்பினார்.

அக்கா தவறிய அன்று, அவர் வீட்டு வாசலில் நின்றபடி முதலில் முருகேசனுக்குத்தான் போனில் செய்தி சொன்னேன். அவர் சொன்னார்: "அந்தம்மா வந்தன்னிக்கு, என்ன தப்புப் பண்ணுனேன்னு எங்கிட்டக் கேக்கவே இல்லீங்க. தண்ணி எங்க புடிக்கறீங்கன்னுதானுங்க கேட்டாங்க."

இப்போதும் புகார் வந்தால், கலக்கியது யார் என்று கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது. அதை விழுங்கிவிட்டு, காலி கேனோடு பஸ் ஏறுகிறேன்.