கேட்காமல் அழித்த கட்டளை

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் ரஹ்மத்துன்னிசாவுக்குப் பொறுக்காது. புனேயில், கோந்த்வாவில் இருக்கும் அவள் வீட்டில் கத்தரிக்கோல் ஒன்றுதான். கணவர் நூருல் அமீன் கேம்ப் கடைத்தெருவில் பைகள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அங்கே போனாலும் இவள் கை சும்மா இருக்காது. ஒரே மாதிரிப் பைகளையெல்லாம் ஒரே தட்டில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை. "கடையை நீ பாக்கியா, நான் பாக்கட்டுமா?" என்று அவர் சலித்துக்கொள்வார். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கூத்துதான்.

இந்தக் குணத்துக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அவள் வேலை பார்க்கும் அலுவலகம். கடைக்கு அடுத்த தெருவில், ஒரு மாடியில், தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனி. அங்கே எல்லோரும் ஏஐ உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் நிரல் எழுதுகிறார்கள். அதனிடம் தினமும் பாடின பாட்டையே பாட முடியுமா? அடிக்கடி சொல்ல வேண்டியதை ஒரு கோப்பில் எழுதிப் பெயர் வைத்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பெயரைத் தட்டினால் போதும். முழுக் குறிப்பையும் அதுவே படித்துக்கொண்டு வேலையில் இறங்கிவிடும். நிரலைச் சோதிக்க ஒரு கட்டளை, பிழை தேட ஒன்று, பழைய குப்பையை அழிக்க 'க்ளீனப்' என்று ஒன்று. இவற்றை எழுதுவது, திருத்துவது, எல்லோருக்கும் அனுப்புவது எல்லாம் ரஹ்மத்துன்னிசாவின் பொறுப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லாமல் என்ன.

எல்லாக் கட்டளைகளின் அடியிலும் ஒரே வரி இருந்தது: எதையும் அழிக்கும் முன் பட்டியலைக் காட்டு, நான் சரி என்று சொல்லும்வரை காத்திரு. ஒரே வரி, அத்தனை கோப்பிலும்! அவள் சும்மா இருப்பாளா? போன வாரம் எல்லாவற்றிலிருந்தும் அதை எடுத்துவிட்டு, உதவியாளர் எப்போதும் முதலில் படிக்கும் பொதுக்கோப்பு ஒன்றில் எழுதிவைத்தாள். தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். சமர்த்தாகப் பட்டியலைக் காட்டிக் கேட்டது. புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்.

ஹரிபிரசாத் மட்டும் எடுக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரன், அந்த அலுவலகத்தில் அவளோடு தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள். நேற்று அவன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். "எத்தனை தரம் சொல்லுதேன், இப்பவே எடு. பழசை வச்சிக்கிட்டு ஊரெல்லாம் அலையாதே" என்று அவள் அதட்ட, அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டான்.

இன்று காலை அவளுடைய லேப்டாப்பில் பாதி எழுத்துகள் அமுங்க மறுத்தன. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு, அலமாரியில் கிடந்த அலுவலக லேப்டாப்பை எடுத்து, கட்டளைகளை அதில் இறக்கிக்கொண்டாள். பயிற்சிக்காக வைத்திருந்த தரவில் க்ளீனப்பைத் தட்டிவிட்டு, பட்டியல் வரும் என்று தேநீரைக் கையில் எடுத்தாள்.

பட்டியல் வரவில்லை. 'அழித்துவிட்டேன்' என்று வந்தது.

தேநீரை அப்படியே வைத்தாள். பொதுக்கோப்பைத் தேடினாள். இந்த லேப்டாப்பில் அது இல்லவே இல்லை. எல்லோருக்கும் போகும் கோப்புறையில் வைக்க வேண்டியதைத் தன்னுடைய சொந்தக் கோப்புறையில் வைத்திருக்கிறாள். கட்டளைகள் எல்லோருக்கும் போயிருக்கின்றன. காவல் வரி அவள் லேப்டாப்பைத் தாண்டவே இல்லை. "யா அல்லாஹ், என்ன காரியம் செஞ்சிட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அடுத்த நொடி ஹரியின் நினைவு வந்தது. அவன் இன்று ஊருக்கு வெளியே, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அந்த அளவை இவர்கள் மென்பொருளில்தான் பதிகிறார்கள். அளவு இல்லாமல் ஒரு பாகம்கூட வெளியே போகக் கூடாது. தரவுக்கு நகல் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்யத்தான் ஹரி போயிருக்கிறான். அதாவது, இதுவரை நகலே கிடையாது. நகல் எடுக்கும் முன், சோதனைக்காகப் போட்ட பழைய ட்ரையல் பதிவுகளை க்ளீனப் போட்டு அழித்துவிடு என்று சொல்லி அனுப்பியதும் இவளேதான்.

அங்கே இன்னொரு வழக்கம். தொழிலாளிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாகிவிட்டது. யார் கேட்டார்கள்? முதல்நாள் காட்டுவதற்காகத் திறந்துவைத்த 'ட்ரையல்' பெயரிலேயே எல்லா ஷிஃப்டும் நுழைந்து நிஜ அளவுகளைப் பதிந்துகொண்டிருந்தது. பட்டியலைப் பார்க்கும் மனிதக் கண்ணுக்குத்தான் அது தெரியும், அதை நம்பித்தான் அவனை அனுப்பியிருந்தாள். யாரையும் கேட்காமல் அழித்தால் உதவியாளருக்கு அத்தனையும் குப்பை.

ஹரியை அழைத்தாள். போன் அணைந்திருந்தது, தொழிற்சாலை வாசலிலேயே அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தத் தொழிற்சாலையின் இணையத்தில் உதவியாளரையும் கம்பெனிக் கோப்புறையையும் தவிர மெயிலும் இல்லை, மெசேஜும் இல்லை. வாசல் காவலருக்கு அடித்தாள். அவள் இந்தியில் பதறப் பதற, அவர் நிதானமாக, இது சாப்பாட்டு நேரம், அப்புறம் கூப்பிடுங்கள் என்று மராத்தியில் சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. சாப்பிடப் போய்விட்டார் போலிருக்கிறது, பாவி மனுஷர்!

இன்னும் ஒரு வழி இருந்தது. உதவியாளரை யார் பயன்படுத்தலாம் என்று திறக்கவும் மூடவும் முதலாளி தேஜஸ்வினியால் முடியும். ஆனால் அவள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ரஹ்மத்துன்னிசா கண்ணாடிக் கதவு வரை போனாள். அங்கேயே நின்றாள். இன்னொரு முறை காவலருக்கு அடித்துப் பார்க்கலாமே என்று மனசு நைச்சியம் பேசியது. அந்தப் பக்கம் ஹரியின் விரல் என்ன செய்துகொண்டிருக்கிறதோ என்று நினைத்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஹரியின் கணக்கை உடனே மூடுங்கள். தப்பு என்னுடையது, அப்புறம் திட்டிக்கொள்ளுங்கள்" என்றாள் இந்தியில். தேஜஸ்வினி அவள் முகத்தைப் பார்த்தாள், ஒரு கேள்வியும் கேட்காமல் மூடினாள். அதன்பிறகுதான் கேட்டாள். ரஹ்மத்துன்னிசா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தேஜஸ்வினி திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மூடியது எப்போது, அவன் தட்டியது எப்போது? முந்திக்கொண்டது யார்? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. திரும்பி வந்து ஒவ்வொரு கட்டளையாகத் திறந்து அந்த வரியைப் பழையபடி எழுதினாள். எழுதியதையே அழித்து அழித்து எழுதினாள். எல்லோருக்கும் அனுப்பினாள். போன் ஊமையாகவே கிடந்தது.

அலுவலகத் தொலைபேசி அடித்தபோது பாய்ந்து எடுத்தாள். ஹரிதான், சூப்பர்வைசர் மேஜையிலிருந்து பேசினான்.

"அக்கா, என்னை வேலையை உட்டுத் தூக்கீட்டாங்களா? திடீர்னு உனக்கு அனுமதி இல்லைன்னு வருதுங்க்கா. வேர்த்து ஊத்துது எனக்கு."

"அதை விடு தம்பி. க்ளீனப் போட்டியா?"

"தட்டி என்டர் அடிச்சனுங்க. அப்பத்தான் அப்படி வந்துச்சு. ஒண்ணும் ஓடலைங்க்கா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. "அடிக்குறதுக்கு முன்னால கட்டளையைத் திறந்து படிச்சியாப்பா?"

"எதுக்குங்க்கா படிக்கோணும்? நீங்க எழுதுனதுதானுங்களே."

தேஜஸ்வினி திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

கணக்கு மறுபடி திறக்கப்பட்டது. போனை வைக்காமலே புதிய கட்டளைகளை அவனை எடுக்கச் சொன்னாள், க்ளீனப்பைத் தட்டச் சொன்னாள். இந்த முறை பட்டியல் வந்தது.

"வாசி தம்பி."

வாசித்தான். நேற்றைய ஷிஃப்ட், இன்று காலை ஷிஃப்ட், அதற்கு முந்தைய நாள். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அக்கா... இது அத்தனையும் நெசமான அளவுங்க்கா."

"தெரியும். கடைசியில என்ன கேக்கு?"

"அழிக்கட்டுமான்னு கேக்குதுங்க."

"வேண்டாம்னு அடி" என்றாள் ரஹ்மத்துன்னிசா. அவன் அடிக்கும் சத்தம் கேட்கும்வரை ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.