தம்பியைத் தேடி எங்கள் வீட்டில் ஒரு சோதனை

போரின் கடைசி நாள்களில் அப்பா தன் கையாலேயே தம்பியை இராணுவத்திடம் ஒப்படைத்தார். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். தம்பி நிறையப் பேசுவான். விசாரணை இன்னும் முடியவில்லை போலும்.

இந்த வசந்தத்தில் அப்பா கனடாவில், மல்வேர்னில் என் வீட்டில் தங்கியிருந்தபோது, காணாமல் போனோரைத் தேடும் அலுவலகத்தார் கொழும்பிலிருந்து வீடியோ வழியாக அவரை விசாரிக்க அழைத்தார்கள். எங்களுக்கு அது விடிகாலை. அப்பாவின் சேர்ட்டை அயர்ன் பண்ணினேன். கமராவில் தெரியாதபடி மகளின் பம்பர்ஸ் பெட்டியை ஒதுக்கினேன். ஒழுங்கான குடும்பம் என்று கண்டால் தம்பியைக் கெதியில் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. பிறகு, இவ்வளவு ஒழுங்கைப் பார்த்துக் கவலையில்லாதவர்கள் என்று எண்ணிவிட்டால்? மகளின் பொம்மை ஒன்றைத் திரும்பவும் தரையில் போட்டேன்.

"கோவப்படாதேங்கோ அப்பா. ஃபைலை மூடிப்போடுவினம்."

"திறந்து வச்சு மட்டும் என்னத்தைப் பிள்ளை கிழிச்சவை?"

அதிகாரி தன் மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த பெண் மொழிபெயர்த்தாள்: "ஐயா, காணாமல் போன கனபேர் வெளிநாட்டில இருக்கினமாம். உங்கட மகள் கனடாவிலதானே? மகன் அங்க இல்லையெண்டு நிச்சயமோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன்.

அப்பா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "வாங்கோ சேர், தேடுவம். இது குசினி. இது ஃபிரிட்ஜ். பால் இருக்கு, கீரை இருக்கு, மகன் இல்லை."

கோட் அலமாரியைத் திறந்தார். குளியலறைத் திரையை விலக்கினார். பேஸ்மென்றில் வாஷிங் மெஷின் மூடியைத் தூக்கியபோது அதிகாரி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். குழந்தை தூங்கும் அறையை விட்டால் சந்தேகப்படுவார்களே என்று அந்தக் கதவை நானே திறந்துவிட்டேன்.

"இஞ்ச இல்லை," என்றார் அப்பா, மேசையில் வந்து அமர்ந்து. "இனி உங்கட முறை. முகாம்களை ஒவ்வொண்டாத் திறந்து காட்டுங்கோ. நான் பாக்கிறன்."

அந்தப் பெண் தயங்கித்தான் மொழிபெயர்த்தாள். முதலில் அவர்களுடைய சத்தம் நின்றது, பிறகு படமும் மறைந்தது. இணைப்பை மட்டும் துண்டிக்கவில்லை.

"முடிஞ்சுது அப்பா. மூடட்டோ?"

"பொறு பிள்ளை. முகாம் திறப்புகளை எடுக்கப் போயிருப்பினம்."

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. கறுத்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

மேலே மகள் எழும்பி அழுதாள். கணினியில் சார்ஜ் குறைந்துகொண்டிருந்தது. முதலில் சார்ஜரைத் தேடி எடுத்துவந்து செருகினேன். பிறகுதான் பிள்ளையிடம் ஓடினேன்.