ஏழு விநாடித் தைலம்மாள்

ரெஜினாவின் நிகழ்ச்சிக்குச் சேனல் போட்ட ப்ரோமோ முப்பது விநாடிதான். பதினோராவது விநாடியில் தைலம்மாள் வந்தாள், தலைவிரி கோலமாக, மார்பில் அடித்துக்கொண்டு. ரெஜினா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு எடுத்து மறுபடியும் பார்த்தாள். அதே அழுகைதான். அவளே எடுத்தது.

வடக்கனந்தல் சிங்கராயரின் மகள் ரெஜினா இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. மணப்பெண்ணின் அறைக்குள் ஆண்கள் போக முடியாது என்பதற்காகத்தான் கள்ளக்குறிச்சி ஸ்டூடியோக்காரர் ஒருவர் அவள் கையில் கேமராவைக் கொடுத்தார். அங்கிருந்து உள்ளூர் கேபிள், அப்புறம் சென்னைச் சேனல் ஒன்றுக்கு மாவட்டச் செய்தி. ஏரி உடைந்தாலும் பஸ் கவிழ்ந்தாலும் முதலில் போய் நிற்பது அவளுடைய ஸ்கூட்டிதான். நாற்பத்து மூன்று வயதில், இப்போதுதான் ஒரு அரைமணி நேர நிகழ்ச்சியை அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். ‘தயாரிப்பு: சி. ரெஜினா’ என்று முதல் முறையாகத் திரையில் வரும். ஞாயிறு காலை பத்து மணிக்கு.

நிகழ்ச்சி கல்வராயன் மலையைப் பற்றியது. கரியாலூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் மரவள்ளி ஏற்ற ஒரு பழைய வேன் வாங்கி, தாங்களே ஓட்டப் பழகிய கதை. அவர்களில் ஒருத்தியான எழில்மதி கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது பின்னால் இருப்பவர்கள் குலசாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி முடிந்ததும் சிரிப்பார்கள். அரைமணி நேரத்தில் ஒருவர்கூட அழவில்லை.

சேனலின் நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் தமிழ்வேந்தனைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், அந்தம்மாவுக்கும் மலைக்கும் இன்னா சம்பந்தம்?”

“மேடம், கள்ளக்குறிச்சின்னா ஜனங்க மனசுல ஒரு முகம் இருக்கு. அதக் காட்டினாதான் பார்ப்பாங்க. பழைய ஃபைல் காட்சிதானே, ஏழு செகண்டு.”

ஏழு செகண்டு! ரெஜினாவுக்குக் காது சுட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால் கருணாபுரத்துப் பூமாலை லாரியில் அடிபட்டுச் செத்தபோது, அவன் அக்கா தைலம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் அழுததை ரெஜினா எடுத்தாள். அவசரத்தில் எல்லாச் செய்தியாளர்களும் செய்வதைப் போல, ஊரையும் காட்சியையும் மட்டும் பெயராக வைத்து அனுப்பினாள்: ‘கருணாபுரம் – அழுகை’. அடுத்த வருடம் அதே கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு நடந்ததும் சேனல் அந்தப் பெயரைத் தேடி எடுத்துப் போட்டது. அதற்குப் பிறகு சாராயம் என்றாலும் தைலம்மாள், கள்ளக்குறிச்சி என்றாலும் தைலம்மாள். சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்தவள் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

அவள் புருஷன் சின்னதுரை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. அவர் டீக்கடைக்குப் போனால், “பொணம் வந்துட்ச்சுடா, சக்கர கம்மியா ஒரு டீ போடு” என்கிறார்கள். மகள் தேவதர்ஷினியைக் காலேஜில் அப்பா இல்லாத பெண் என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ரெஜினா இரண்டு முறை சேனலுக்குச் சொன்னாள். இரண்டு முறையும் “பார்க்கலாம்” என்றார்கள்.

“அத ப்ரோமோலேர்ந்து எடுங்க சார். எடுத்தாதான் நிகழ்ச்சிய அனுப்புவேன்.”

“ஞாயித்துக்கிழம பத்து மணி காலியா கெடக்காது மேடம். பழைய காமெடி நெறைய இருக்கு. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் உங்க பேரு இங்க எங்கயும் வராது.”

“என் பேரு வராட்டிப் போவுது. இத்தினி தடவ காட்டினீங்களே, அந்தம்மா பேரு ஒரு தடவையாவது வந்துதா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு பத்து மணிக்குக் காமெடிதான் ஓடியது. அந்த நேரத்தில் ரெஜினா கருணாபுரத்தில், தைலம்மாள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சேனலுக்கு அனுப்பும் புகார்க் கடிதத்தில் தைலம்மாளின் கையெழுத்து வேண்டும்.

“அத எடுத்தது நீதானேம்மா?” என்றாள் தைலம்மாள்.

“ஆமாங்க. உங்க பேரும் எழுதல, தம்பி பேரும் எழுதல. அப்டியே அனுப்புனதும் நான்தான். அதையும் இதுல எழுதியிருக்கேன்.”

தைலம்மாள் கடிதத்தைக் கையில் எடுத்தாள். “என் தம்பிக்கின்னு அழுதத ஊருக்கெல்லாம் வாடகைக்கு வுட்டுட்டாங்களே” என்றாள். பேனாவை வாங்கினாள்.

மூட்டை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த சின்னதுரை துண்டை உதறியபடி எட்டிப் பார்த்தார். “நான் உயிரோட கீறேன்னு போட்டியாம்மா?”

“மூணாவது வரியில போட்டிருக்கேங்க.”

“மேல போடு. மொத வரியில போடு. எத்தினி தடவதான் சாவுறது?”

ரெஜினா கடிதத்தைக் கிழித்தாள். தேவதர்ஷினியின் நோட்டிலிருந்து ஒரு தாள் வாங்கி, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.