பழவேற்காடு: கால் வைக்கக் கூடாத கிளிஞ்சல் மேடு

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை பழவேற்காடு போய் வந்தேன். கடைசித் தேர்வு முடிந்து வீட்டில் சும்மா இருந்த நேரம். ஏரிக்குள் ஒரு மணல்மேட்டில் ஆலாக்கள் முட்டையிட்டிருப்பதாக விலங்கியல் வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள். ஆலா என்பது தலையில் கறுப்புத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும் சிறிய வெள்ளைப் பறவை. கூடு கட்டாது, வெறும் மணலில்தான் முட்டையிடும். "பறவை பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? மாடியிலயே காக்கா இருக்குதே" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "படிப்புக்குத்தான்" என்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்தச் சலுகையைக் கொஞ்சம் அதிகமாகவே பயன்படுத்துகிறேன்.

சென்ட்ரலில் 5.10க்கு கும்மிடிப்பூண்டி மின்ரயில். பொன்னேரியில் இறங்கும்போது மணி 6.05. அங்கிருந்து 6.25க்குப் பேருந்து, சுமார் பதினெட்டு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. 7.20க்கு பழவேற்காடு.

தோழி பேசி வைத்திருந்த படகுக்காரர் அர்ஜுனன் அண்ணன், டச்சுக் கல்லறை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார். ஒல்லாந்தர்கள் இங்கே கோட்டை கட்டித் துணி வியாபாரம் பார்த்த காலத்தில் இறந்தவர்களின் கல்லறை. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். அண்ணனோடு மல்லிகா அக்காவும் வந்தார். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பத்துப் பெண்கள் இவர் பேச்சைத்தான் கேட்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம்.

"செத்தவங்களுக்கு மதில் கட்டி, கேட் போட்டு, பூட்டி வெச்சிகிறாங்க பாரு. உயிரோட இருக்கிறதுங்களுக்கு நாம ஒரு கயிறு கட்றதுக்குள்ள நாக்கு தள்ளுது" என்றார் அக்கா.

படகுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய். போகும் வழியில்தான் கயிற்றின் கதை தெரிந்தது. விடியலில் இருந்து இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் இந்தப் பெண்கள், பதினொரு மணிக்கு ஆலாக்கள் முட்டையிடும் அதே கிளிஞ்சல் மேட்டில் ஏறி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சுற்றுவட்டாரத்தில் காய்ந்த தரை அது ஒன்றுதான். முட்டைகளும் கிளிஞ்சல் நிறத்திலேயே இருப்பதால், மிதித்த பிறகுதான் தெரியுமாம். அதனால் போன வருடம் ஒவ்வொரு முட்டைக்குப் பக்கத்திலும், வலைக்கு அடையாளம் வைப்பதுபோல, சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டிருக்கிறார்கள்.

"மிதிக்கக் கூடாதுனுதான் நட்டோம். காக்கா வந்து அந்தக் குச்சி மேலயே குந்திகினு கீழ எட்டிப் பாக்குது. ஒரு முட்டை மிஞ்சல" என்றார் அக்கா.

"ஓட்டலுக்கு போர்டு மாட்டின மாரி ஆயிடுச்சு" என்றார் அர்ஜுனன் அண்ணன்.

"துணி கிழிச்சுக் குடுத்தவன் நீதான்யா, படகை ஓட்டு" என்றார் அக்கா.

இந்த வருடம் குச்சி இல்லை. மேட்டைச் சுற்றித் தரையோடு தரையாக ஒரு கயிறு மட்டும். பெண்கள் உட்காரத் தெற்கே ஓர் ஓரத்தை விட்டிருந்தார்கள். இருபத்தோரு நாளில் குஞ்சு வராவிட்டால் கயிற்றைத் தானே அவிழ்த்துவிடுவதாக அக்கா மற்றவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் போனது இருபத்தோராம் நாள். இன்று அவிழ்த்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் கயிறு கட்ட விடமாட்டார்கள் என்றார்.

தூரத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, கழி ஊன்றிப் போய், மேட்டுக்கு ஐம்பது மீட்டர் முன்பு நின்றோம். ஆலாக்கள் ஏரியில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்தன. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்கத்தான். பறவை பறந்து பறந்து தன் வயிற்றை ஈரத்துணியாக்குவதை இரண்டு மணி நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை.

பதினொரு மணி ஆகப்போகிறது. பெண்கள் இறால் கூடைகளோடு தெற்கு ஓரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஒரு ஆலா அலகில் சின்ன மீனோடு அதே ஓரத்தில், கயிற்றுக்கு வெளியே இறங்கியது. வெறும் அலகோடு பறந்தது. மறுபடி மீன். நான் வாயைத் திறப்பதற்குள் எப்போதும் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். இந்த முறை யாரும் பேசவில்லை. மூன்றாவது மீனுக்குக் கிளிஞ்சல்களுக்கு நடுவே ஏதோ அசைந்தது.

"அக்கா, அங்க குஞ்சு இருக்கு. அவங்க உக்கார்ற இடத்துல."

மல்லிகா அக்கா என் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். படகிலிருந்து தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துப் பெண்களை மறித்தார்.

"இருந்த ஓரத்தையும் புடுங்கிட்டியா?" என்றார் முன்னால் வந்த சரோஜா அக்கா. "இன்னாடி, அதுங்க உன் மாமியார் வூட்டு சொந்தமா?"

"நீயே பாரு."

பைனாகுலர் கை மாறிக் கை மாறிப் போனது. சரோஜா அக்கா கடைசியாக வாங்கினார், திருப்பித் தரவேயில்லை. "பஞ்சு மாரி இருக்குது. ஏய், எழுந்து நடக்குதுடி. தோ, இன்னொண்ணு."

அந்தப் பக்கம் தண்ணீரிலேயே எல்லை போட்டார்கள். அர்ஜுனன் அண்ணன் கழி நடலாமா என்றதற்கு, "காக்காவுக்கு நாற்காலி போடப் போறியா?" என்று மல்லிகா அக்கா கேட்க, ஏரியே சிரித்தது. செங்கல்லில் கட்டிய வலை மிதவைகளை வரிசையாகப் போட்டார்கள். பிறகு படகைச் சுற்றி நின்று, விளிம்பில் டிபன் பாக்ஸ்களை வைத்துச் சாப்பிட்டார்கள்.

"இது எத்தினி நாளைக்கு?" என்றார் ஒருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பறக்க மூணு வாரம் ஆகும்."

"படிச்ச பொண்ணு சொல்லிடுச்சு. மூணு வாரம் இடுப்புத் தண்ணியில சோறு" என்றார் சரோஜா அக்கா. யாரும் மறுக்கவில்லை. கயிற்றை அவிழ்க்கும் பேச்சே எழவில்லை.

பகல் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர்கள், உட்காரக் கிடைத்த ஒரே இடத்தைச் சிரித்துக்கொண்டே விட்டுக் கொடுத்ததை வீட்டுக்கு வந்தும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னால் முடிந்திருக்குமா, தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் முதல் ஜூலை வரை எந்த மணல்மேட்டிலும் இறங்காதீர்கள். "அஞ்சு நிமிஷம் இறங்கி போட்டோ எடுத்துக்கோங்க" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். நீங்கள் நிற்கும் அந்த ஐந்து நிமிடமும் முட்டை வெயிலில் கிடக்கும். பைனாகுலர், தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். மதியத்துக்கு எலுமிச்சைச் சாதம் மாதிரி ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். குழம்பு வேண்டாம். அந்தப் பெண்களோடு தண்ணீரில் நின்றபடி ஒரு கையால் சாப்பிட வேண்டியிருக்கும்.